‘கெற்’ முதலியாரின் வேலி

வேலணையில் மற்றவர்களுடைய வேலி நின்ற இடத்தில் நின்றது. மார்க்கண்டு முதலியாருடைய வேலி நடந்தது.

வேலி எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள் தீவுப்பகுதியில் வேலி அடைக்கிற வழக்கத்தை அறியாதவர்கள். ஒவ்வொரு வருடமும் மாரி மழைக்கு முன்னால் பழைய ஓலையை அவிழ்த்துப் புதுப் பனையோலை கட்டுவார்கள். வேலிக்குத் தூணாக நிற்கிற கிளுவைக் கதியால்களில் ஏதாவது பட்டுப்போயிருந்தால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே குழியில் வேறொன்றை நடுவார்கள். முதலியார் பிடுங்கமாட்டார். பட்ட கதியாலை நிலத்தோடு தறித்துவிடுவார். அதற்கு ஒரு சாண் வெளியே, ஊர்ப் பாதையான ஒழுங்கைப் பக்கமாகப் புதுக் கதியாலை நடுவிப்பார். மழை பெய்யும், கதியால் தளிர்க்கும், அந்த ஒரு சாண் நிலம் அப்படியே முதலியாருடைய வளவுக்குள் வந்து குந்திவிடும்.

அடுத்த வருடம் அந்தக் கதியாலும் பட்டுப்போகும். ஊரிலே எல்லார் வீட்டுக் கதியாலும் பச்சைப்பசேலென்று நிற்க, ஒழுங்கைக் கரையிலே முதலியார் வீட்டுக் கதியால் மட்டும் ஏன் தவறாமல் பட்டுப்போகிறது? இதை அவருடைய மனைவி கமலாதேவியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். தொண்டை கொப்பளிக்க என்று விடியற்காலையில் அவர் கொண்டுபோகிற சுடுதண்ணீர்க் கேத்தில், ஏன் வேலியோரம் போய் வெறுங்கேத்திலாகத் திரும்புகிறது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளை ஒருவரும் கேட்டதில்லை.

முதலியார் என்பது அவருடைய வம்சப் பட்டமல்ல. கோட்டிலே சாட்சிகள் தமிழில் சொல்வதை நீதவானுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறவரை முதலியார் என்று அழைப்பது அந்தக் காலத்து வழக்கம். அரைவாசி ஆயுளை அந்த வேலையில் கழித்தவர் மார்க்கண்டு. வேலி வழக்கு, ஒழுங்கை வழக்கு, கிணற்றுப் பங்கு வழக்கு, பனைவடலி வழக்கு என்று அவர் வாயால் போகாத வழக்கு இல்லை. சிங்களச் சட்டம் வந்து, சிங்களம் படித்தால்தான் உத்தியோகம் என்றபோது, “இந்த வயதிலே அரிச்சுவடியோ?” என்று பென்சனை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். வேலி அதற்கு முன்பே நடக்கப் பழகியிருந்தது. பென்சனுக்குப் பிறகு ஓட்டமே பிடித்தது.

கோட்டிலிருந்து அவர் கொண்டுவந்தது பென்சன் மட்டுமல்ல, ஒரு தத்துவமும்கூட. ‘கெற்’ (get) என்ற ஆங்கிலச் சொல்தான் அந்தத் தத்துவம். யார் அகப்பட்டாலும் பிடித்து வைத்து அதை விளக்குவார்.

“தமிழ் இருக்கே, அது கோள்மூட்டுற பாஷை,” என்று தொடங்குவார். “வாங்கினான் எண்டால் காசு குடுத்தது தெரிஞ்சுபோம். பறிச்சான் எண்டால் மற்றவன் அழுதது தெரிஞ்சுபோம். இரந்தான் எண்டால் மானம் போச்சு. கிடைச்சுது எண்டால் கடவுளும் வந்து நடுவிலை நிப்பார். இங்கிலீசுக்காரன்ரை ‘கெற்’ஐப் பாரும். பொருள் இப்ப ஆரிட்டை இருக்கெண்டதை மட்டும் சொல்லும். எப்பிடி வந்ததெண்டு மூச்சு விடாது. ‘ஐ கொற் இற்’ எண்டால் கதை முடிஞ்சுது. எழும்புறதும் கெற் அப், இறங்கிறதும் கெற் டவுண், கலியாணம் முடிக்கிறதும் கெற் மரீட். இந்த ஒரு சொல்லை வைச்சுக்கொண்டுதானே அவன் உலகத்திலை அரைவாசியைப் பிடிச்சவன்!”

ஊர் அவருக்குக் ‘கெற்’ முதலியார் என்று பெயர் வைத்தது. அதில் அவருக்குச் சிறிது பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

அவருக்கு ஒரே மகள், இரஞ்சிதம். எஸ்.எஸ்.சி. வரை படித்தவள். தகப்பனிடமே ஆங்கிலம் படித்தாள். ஒருநாள் இந்தப் பாடத்தின் நடுவிலே கேட்டாள்:

“அப்பா, கொற் எண்டு சொன்னால் சரி. ஆரிட்டை இருந்து?”

“அதைக் கேட்கிறதுக்கு வேற சொல்லு கிடக்கு. நீ ஏன் அதை இதுக்குள்ளை கொண்டுவந்து செருகிறாய்?” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார் முதலியார்.

ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கத்து வளவு வல்லிபுரத்தாருடையது. தெற்கே சிங்கள ஊரான காலியிலே சுருட்டுக்கடை வைத்திருந்தவர். அம்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு கடையை மருமகனிடம் விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தார். வந்த அன்று தன்னுடைய வாசற்படலையில் நின்று ஒழுங்கையை மேலும் கீழும் பார்த்தார். தான் சிறுவனாக இருந்தபோது மாட்டுவண்டி போன ஒழுங்கை. முதலியாருடைய வேலியைப் பார்த்தார். அதற்குள்ளே நிலத்தோடு தறித்த கட்டைகள் வரிசை வரிசையாகக் கிடந்ததையும் ஓலை இடுக்கால் பார்த்தார். வியாபாரிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர் சண்டைக்குப் போகவில்லை, சத்தம் போடவில்லை. அந்த வருடம் வேலி அடைக்கையில் அவருடைய வேலியும் ஒழுங்கையை நோக்கி ஒரு சாண் நடந்தது.

பிறகென்ன? இரண்டு வேலிகளும் காதலர்கள் மாதிரி ஒன்றையொன்று நெருங்கின. கடகத்தில் மீன் கொண்டுவருகிறவள் பக்கவாட்டில் நடந்து பழகினாள். குடை பிடித்து வருகிறவர்கள் ஒழுங்கை வாசலில் குடையைச் சுருக்கினார்கள். அந்த வழியாக வயலுக்குக் கலப்பை கொண்டுபோனவர்கள், கோட்டிலே இருந்த மனிதரோடு வழக்குப் பேச ஏலாது என்று, சுற்று வழியைப் பழக்கிக்கொண்டார்கள். எதிரும் புதிருமாக வர நேர்ந்தால் முதலியாரும் வல்லிபுரமும் வயிற்றை எக்கிக்கொண்டு, “சுகமே?” “சுகம், சுகம்” என்று உரசிக்கொண்டு கடந்து போவார்கள்.

இந்த நிலையில்தான் இரஞ்சிதத்துக்குப் பக்கத்து ஊரான மண்கும்பானில் மாப்பிள்ளை பொருந்தியது.

மாப்பிள்ளை பாலசிங்கம் கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். சிங்களம் படித்துப் பாஸ் பண்ணியவர், அதனால் உத்தியோகம் நிற்கும். அமைதியான பிள்ளை. அமைதிக்கும் சேர்த்துப் பேசுகிறவர் அவருடைய தாய்மாமன் தம்பையா. இரஞ்சிதம் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். கமலாதேவி நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். வீடும் வளவும் வழக்கப்படி மகளுக்குச் சீதனம். முதலியாருக்குப் பொறுப்புத் தீர்ந்ததுபோல் இருந்தது.

எல்லாம் பேசி முடிந்து, வெற்றிலைத் தட்டத்தை எடுத்தபோது தம்பையா தொண்டையைக் கனைத்தார்.

“ஒரு சின்ன விசயம், முதலியார். எங்கடை பகுதியிலை ஒரு வழக்கம் இருக்கு. மாப்பிள்ளை எங்கடை படலையிலை காரிலை ஏறினால் பொம்பிளை வீட்டுப் படலையிலைதான் காலை மண்ணிலை வைப்பார். நடுவழியிலை இறங்கி நடக்கிற கதையில்லை.”

“அதுக்கென்ன, தாராளமாய்.”

“சும்மா சொல்லேல்லைப் பாருங்கோ. என்ரை தமையன் நடுவழியிலை இறங்கினவர். கார் மக்கர் பண்ணிப்போட்டுது. பிறகு சாகுமட்டும் பெண்சாதி சொன்ன இடத்திலைதான் இறங்கினவர்.” தம்பையா எழுந்து வெளியே எட்டிப் பார்த்தார். “உந்த ஒழுங்கை கொஞ்சம் ஒடுக்கமோ எண்டு கிடக்கு.”

“ஒடுக்கமில்லை. கிளுவை தளிர்த்து நிக்குது. கொப்பை வெட்டிவிட்டால் சரி,” என்றார் முதலியார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அவர்கள் போனதும் கமலாதேவி பிடித்துக்கொண்டாள்.

“இஞ்சாருங்கோ, கொப்பை வெட்டினால் கார் வருமோ? வேலியைப் பழைய இடத்துக்கு எடுங்கோவன். பிள்ளையின்ரை கலியாணமெல்லே?”

“விசர்க் கதை கதையாதை. வேலியைப் பின்னுக்கு எடுத்தவன் ஒருத்தன் கோட்டிலை வெண்டதை நான் காணேல்லை. பின்னுக்கு எடுத்தால் முன்னுக்குப் போனனான் எண்டு ஒப்புக்கொண்ட மாதிரி. பத்து வருசம் எங்கடை ஆட்சியிலை இருந்தால் காணி எங்கடை. முதல் சாணுக்குப் பத்து வருசம் நிறையப்போற நேரத்திலை வேலியை எடுக்கச் சொல்லுறாய்!”

“அப்ப கார்?”

“எதிர்ப்பக்கத்தான் எடுக்கட்டும்.”

மறுநாள் முதலியார் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வல்லிபுரத்தார் வீட்டுக்குப் போனார். வல்லிபுரம் கதிரையில் சாய்ந்திருந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“வாரும் முதலியார், இரும். என்ன, படலையாலை சுத்தி வந்திருக்கிறீர்? வேலி இன்னும் கொஞ்சம் நடந்தால் நேரை என்ரை விறாந்தையிலை ஏறியிருக்கலாமே!”

முதலியார் பகிடியைக் கவனியாதவர்போல இருந்தார். விசயத்தைச் சொன்னார். கலியாணத்துக்கு மட்டும், ஊர் நன்மைக்காக, அயலுக்கு அயலாக, வல்லிபுரம் தன்னுடைய வேலியைச் சற்றே உள்ளே எடுத்தால் பெரிய உதவியாக இருக்கும் என்றார்.

“உம்மடை பெட்டையின்ரை கலியாணத்துக்கு என்ரை வேலியோ? நல்ல ஞாயம். நீரும் ஒரு சாண் போம், நானும் ஒரு சாண் போறன்.”

“சரி. நீர் முதலிலை எடும்.”

“நான் ஏன்? முதல் வந்தவர் நீரெல்லோ? முதல் வந்தவர் முதல் போறதுதான் மரியாதை.”

முதலியாருக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் வரும். “ஐ கொற் மைன் லோங் பிஃபோ யூ!” என்றார்.

“அதென்ன, மந்திரமோ?”

“உமக்குக் கனகாலம் முதலே எனக்குக் கிடைச்சுது எண்டு சொன்னன்.”

வல்லிபுரம் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். “ஆர் தந்தது?” என்று மிகவும் பணிவாகக் கேட்டார்.

முதலியார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

ஆனால் அவர் ஒன்றும் தலையில் கையை வைத்துக்கொண்டு இருக்கிறவரல்ல. ஊரில் வாடகைக்கு ஓடுகிற மொறிஸ் மைனர்க் காரைப் பிடித்து, சாரதியைப் பக்கத்தில் நின்று ஏவி, ஒழுங்கைக்குள் விட்டுப் பார்த்தார். வலப்பக்கத்து ஓலை உரஞ்சியது, இடப்பக்கத்து ஓலையும் உரஞ்சியது. ஆனாலும் கார் எலிபோல நுழைந்து படலைக்கு வந்துவிட்டது.

“பாத்தியோ?” என்றார் கமலாதேவியிடம். “கார் வருது! ஒருத்தனும் வேலி எடுக்கத் தேவையில்லை.”

அவர் செய்த பிழை அதுதான். கார் என்றால் எல்லாக் காரும் ஒன்று என்று நினைத்துவிட்டார், ‘கெற்’ என்றால் எல்லாவற்றுக்கும் போதும் என்று நினைத்ததுபோல.

ஆவணி மாதத்து நல்ல நாளில், பகல் முகூர்த்தத்துக்குப் பந்தல் நிறைந்திருந்தது. தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. ஒழுங்கை வாசலில் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். முதலியார் பட்டு வேட்டியோடும் தலைப்பாகையோடும் படலைக்கு வந்து பார்த்தார். பார்த்தவருடைய வாய் திறந்தபடியே நின்றது.

தம்பையா மாமா தன்னுடைய மருமகனுக்கு மொறிஸ் மைனர் பிடிக்கவில்லை. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து ஒரு அமெரிக்கக் காரை வாடகைக்கு எடுத்திருந்தார். முன்னுக்கு வெள்ளிப் பல், பின்னுக்கு மீன் செட்டை, நடுவிலே ஒரு சின்ன வீடு. பூமாலை வேறு இரண்டு பக்கமும் தொங்கியது. அது வேலணை ஒழுங்கைக்குள் நுழைந்தது, யானை குசினிக்குள் நுழைந்ததுபோல.

சாரதி பட்டினத்து மனிதன். ஓலைதானே என்று அழுத்தினான். ஓலை கிழிந்தது. ஓலைக்குப் பின்னால் கதியால் இருந்தது. கார் பாதி வழியில், படலைக்கும் சந்திக்கும் நடுவே, இரண்டு பக்கத்துக் கதியால்களுக்கும் இடையில் நன்றாக இறுகிக்கொண்டது. முன்னுக்கும் போகவில்லை. பின்னுக்கும் வரவில்லை. மேளகாரருடைய வானும் உறவினருடைய கார்களும் பின்னால் வந்து அடைத்துவிட்டன. கதவைத் திறக்கப் பார்த்தார்கள். கதவு கதியாலில் முட்டியது. மற்றக் கதவு மற்ற வேலியில் முட்டியது. இனி மாப்பிள்ளை நடுவழியில் இறங்க விரும்பினாலும் இறங்க வழியில்லை!

கண்ணாடிக்குள்ளால் தம்பையாவின் தலை வெளியே வந்தது.

“முதலியார்! கலியாணத்துக்குக் கூப்பிட்டனீரோ, கட்டிப்போடக் கூப்பிட்டனீரோ?”

பின் இருக்கையில் பாலசிங்கம் தலைப்பாகை காரின் கூரையில் அழுந்த, வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். கால் கழுவச் செம்போடு நின்ற பையன் செம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். ஐயர் பந்தலுக்குள்ளிருந்து, “முகூர்த்தம் போறது, முகூர்த்தம் போறது” என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார்.

முதலியார் எதிர்ப்பக்கம் பார்த்தார். வல்லிபுரம் கலியாணத்துக்கென்று உடுத்திய உடுப்போடு தன்னுடைய வேலிக்கு உள்ளே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“வல்லிபுரத்தார், ஒரு நாலு கதியாலைத் தறியுமன்!”

“என்ரை வேலியிலை கை வைச்சால் பொலிசுக்குப் போவன். உம்மடை வேலி, உம்மடை கார், உம்மடை மருமோன். நான் விருந்துக்கு வந்தனான்.”

கூட்டம் முதலியாரைப் பார்த்தது. இவ்வளவு சாட்சிகளை அவர் கோட்டிலேகூடக் கண்டதில்லை. முன்வரிசையில் கிராமச் சங்கத் தலைவர் அரியநாயகம் வேறு, வாயில் வெற்றிலையோடு நின்றார். ஒழுங்கை அவருடைய சங்கத்துக்குச் சொந்தம். இத்தனை பேருக்கு முன்னால் கத்தியை எடுத்து வேலியைத் தறித்தால், தறிக்கிற ஒவ்வொரு கதியாலும் ஒரு வாக்குமூலம். தறிக்காவிட்டால், உள்ளே மணவறைக்குப் பக்கத்தில் மகள். முதலியாருடைய கால்கள் முன்னே ஒரு அடி வைத்தன, பின்னே ஒரு அடி வைத்தன. வேலி நடந்த அளவுக்கு அவரால் அப்போது நடக்க முடியவில்லை.

கமலாதேவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி வந்தாள். கூட்டத்தின் நடுவிலேயே சொன்னாள்:

“பிள்ளை கேட்கிறாள். கெற் மரீட் எண்டு படிப்பிச்ச அப்பா, அதுக்கு வழி விடுவாரோ மாட்டாரோ எண்டு கேட்கச் சொன்னாள். இல்லாட்டி ஐயரையும் கூட்டிக்கொண்டு தானே ஒழுங்கைக்கு வாறாளாம். காருக்குள்ளையே தாலி கட்டட்டுமாம்.”

யாரோ சிரித்தார்கள். தம்பையா காருக்குள்ளிருந்து, “அது நல்ல யோசினை!” என்றார்.

முதலியார் தலைப்பாகையைக் கழற்றிக் கமலாதேவியிடம் கொடுத்தார். வாழைக்குலை வெட்டிய கத்தி பந்தல் காலோடு சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் முதற் கதியாலில் ஒரு போடு போட்டார்.

அவ்வளவுதான் தெரியும். மற்றப் போடுகளை ஊர் போட்டது. சுற்று வழியாகக் கலப்பை சுமந்தவர்கள் எல்லாரும் எங்கிருந்து கத்தி கொண்டுவந்தார்களோ! அயலுக்கு ஓர் உதவி இவ்வளவு உற்சாகமாக வேலணையில் அதற்கு முன் நடந்ததில்லை. ஓலை பறந்தது, வரிச்சு பறந்தது, கார் நின்ற இடத்திலிருந்து படலை வரை வேலி படுத்துவிட்டது. படுத்த வேலிக்குள்ளே, வெயில் வெளிச்சத்தில், முன்னைய வருடங்களில் தறித்த கட்டைகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. ஊர் அவற்றைப் பார்த்தது. ஒருவரும் எண்ணவில்லை. எண்ணத் தேவை இருக்கவில்லை.

கார் உறுமிக்கொண்டு சரிந்து அந்தக் கட்டைகளின் மேல் ஏறியது. முதலியார் எந்தெந்த வருடத்தில் எங்கே நின்றார் என்பதற்கு மாப்பிள்ளையின் தலைப்பாகை சாட்சி சொன்னது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒருமுறை அது கூரையில் இடித்துக் குலுங்கியது.

படலையில் பாலசிங்கம் காலை மண்ணில் வைத்தார். மேளம் முழங்கியது. முகூர்த்தம் தப்பவில்லை.

தாலி கட்டி முடிந்து, பந்தியும் தொடங்கி, முதலியார் மூச்சு விட்டபோதுதான் அரியநாயகம் பந்தலின் நடுவில் எழுந்து நிற்பதைக் கண்டார். வழக்கு இங்கேயே தொடங்கப்போகிறது என்று நினைத்தார்.

கிராமச் சங்கத் தேர்தல் கிட்ட வருவதை முதலியார் மறந்துவிட்டார். அரியநாயகம் மறக்கவில்லை. ஒருவரைக் கள்ளன் என்றால் ஒரு வீட்டு வாக்குப் போகும், கொடையாளி என்றால் பத்து வீட்டு வாக்கு வரும்.

“சபையோரே! தன்ரை மகளின்ரை மங்கல நாளிலை, எங்கடை ஊர் ஒழுங்கையை அகலமாக்கிறதுக்கெண்டு, தன்ரை சொந்தக் காணியிலை ஒரு துண்டை மனமுவந்து ஊருக்குத் தந்திருக்கிறார் எங்கடை முதலியார்! இப்பிடி ஒரு மனுசன் எந்த ஊரிலை இருக்கிறார்?”

எல்லாருக்கும் எல்லாம் தெரியும். மண்கும்பான்காரருக்கு மட்டும் தெரியாது. தம்பையா கையைத் தட்டினார். அவர் தட்டியதும் மற்றவர்களும் தட்டினார்கள்.

முதலியார், “அது வந்து...” என்று வாயெடுத்தார். சம்பந்தி வீட்டார் முகங்களைப் பார்த்தார். மறுபடி வாயை மூடினார். மாலை கழுத்துக்கு வந்தது. கழுத்து தானாகவே குனிந்தது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த வல்லிபுரத்துக்குப் பொறுக்கவில்லை. பாதிச் சோற்றில் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“சேர்மன்! உதென்ன ஒரு பக்கத்துக் கதை? என்ரை பக்கத்தையும் சொல்லுங்கோ! நானும் ஊருக்குத்தான் விடுறன்!”

சொன்னதோடு நிற்காமல் கை கழுவப் போகிற வழியில் தன்னுடைய வேலியில் இரண்டு கதியாலை அசைத்துப் பிடுங்கியும் காட்டினார். அவருக்கும் ஒரு மாலை விழுந்தது. அது மாப்பிள்ளையின் காரிலிருந்து கழற்றிய மாலை என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்கு ஊருடைய ஒழுங்கையை ஊருக்குத் தானம் செய்த புண்ணியம் இரண்டு பேருக்கும் கிடைத்தது.

பாலசிங்கம் தனக்குப் பக்கத்தில் இருந்த புதுப் பெண்சாதியிடம் மெதுவாகச் சொன்னார். “உங்கடை அப்பாவுக்குப் பெரிய மனசு.”

“ஓம்,” என்றாள் இரஞ்சிதம், இலையைப் பார்த்தபடியே. “ஆருக்குக் குடுத்தவர் எண்டு கேட்கலாம். ஆரின்ரை எண்டு மட்டும் கேட்கப்படாது.”

கலியாணம் முடிந்து பாலசிங்கம் லீவு தீர்ந்து கொழும்புக்குப் போனார். அங்கே வீடு பார்த்து அழைக்கும் வரை இரஞ்சிதம் தாய் வீட்டில் இருந்தாள். தாய் வீடு என்பது சரியல்ல. சீதனம் எழுதியாகிவிட்டது, வீடும் வளவும் அவளுடையது.

வேலி இல்லாத வளவுக்குள் ஊர் ஆடுகளெல்லாம் வந்து போயின. வானத்தில் மேகம் கட்டத் தொடங்கியது. முதலியார் கொடையாளியாகச் சில வாரம் ஊரைச் சுற்றினார். ‘கிவ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பெருமைகளைக்கூட ஒருவரிருவருக்கு விளக்கத் தொடங்கினார். ஆனால் அந்தச் சொல் அவர் நாக்கில் சரியாக ஒட்டவில்லை.

ஒரு காலை, வெட்டிக் கொண்டுவந்த கிளுவைக் கதியால்கள் படலையோரம் அடுக்கிக் கிடந்தன. முதலியார் முதற் கதியாலைக் கையில் எடுத்தார். பழைய எல்லை எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தறித்த கட்டைகளில் எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கிற கடைசி வரிசை அது. அவர் அந்த வரிசையில் போய் நின்றார். இடமும் வலமும் பார்த்தார். கார் போவதற்கு இவ்வளவு அகலம் எதற்கு? அமெரிக்கக் கார் தினமும் வருகிறதா என்ன? கால் மெல்ல, மிக மெல்ல, ஒரு சாண் வெளியே நகர்ந்தது. அலவாங்கால் குழியைக் கிண்டிக் கதியாலை இறக்கினார்.

“அப்பா.”

திரும்பிப் பார்த்தார். இரஞ்சிதம் நின்றாள். அவள் கையில் கேத்தில் இருந்தது. அதன் மூக்கால் ஆவி பறந்தது.

“என்ன பிள்ளை, தேத்தண்ணியோ?”

“இல்லை. சுடுதண்ணி. நீங்கள் எங்கை நட்டாலும் நடுங்கோ. வெளியிலை நட்டதுக்கெல்லாம் நான் ஊத்துவன். எப்பிடி ஊத்திறதெண்டு சின்னனிலை இருந்து பாத்துப் பழகினனான்.”

முதலியாருக்கு முகம் கறுத்தது. “உனக்கு இதிலை என்ன? வளவைப் பெருப்பிக்கிறது ஆருக்காக?”

“வளவு இப்ப என்ரை, அப்பா. ஐ கொற் இற்.”

முதலியாருடைய வாயில் ஒரு கேள்வி வந்தது. ஆரிட்டை இருந்து என்ற கேள்வி. பதில் அவருக்கே தெரிந்த கேள்வி. அதோடு அடுத்த கேள்வியும் வரும் என்பதும் தெரிந்தது. நீங்கள் ஆரிட்டை இருந்து?

அவர் கேட்கவில்லை. கதியாலைக் குழியிலிருந்து பிடுங்கினார். உள்ளே போய், கடைசி வரிசையில், முதன்முதலில் கதியால் நின்ற அந்தப் பழைய இடத்திலேயே கிண்டி நட்டார். மண்ணை மிதித்து இறுக்கினார். இரஞ்சிதம் பார்த்துக்கொண்டே நின்றாள். கேத்திலைக் கீழே வைக்கவில்லை.

ஒழுங்கையின் எதிர்ப்பக்கத்தில் சருகு அசைந்த சத்தம் கேட்டது. வல்லிபுரம் தன்னுடைய வளவுக்குள், கையில் ஒரு கதியாலைப் பிடித்துக்கொண்டு, முதலியார் எங்கே நடுகிறார் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாமா,” என்றாள் இரஞ்சிதம், “கேத்திலிலை இன்னும் தண்ணி கிடக்கு.”